சாயம் போகாத மருந்து



ஒரு மீட்டரை 100 கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோ மீட்டர். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோ மீட்டர் இருக்கும்! இவ்வளவு சின்ன அளவில் பொருள்களைச் செய்து நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் வழி காண்பவர்களில் நானோ பொறியாளர்களும் உண்டு.

சின்னதாக்கினால் என்ன லாபம்? ஒரு கணக்குப் போடுவோம். 1 செ.மீ. பக்கமுள்ள வெள்ளிக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 நானோ மீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர். அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர்! எடை அதேதான், பரப்புதான் கூடிப்போச்சு. வெள்ளியின் மேற்பரப்பிலிருந்து வெளிவரும் அயனிகள் கிருமியைக் கொல்லும். அதனால் துளியூண்டு வெள்ளியே நிறைய வேலை செய்யும். தீக்காயத்துக்குக் கட்டும் சில துணிகளில் நானோ வெள்ளி சேர்ப்பது இதற்காகத்தான்.

ஆனால் கிருமியைக் கொல்வது பாதி வேலைதான். மீதி வேலை என்ன? பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் எங்கள் அம்மா சொல்வாங்க, "சாயம் ஏறினா மட்டும் போதாது, நிக்கணும்." மருந்துக்கும் அதே விதிதான்.

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர் நானோ வெள்ளியால் குடிநீரைச் சுத்தம் செய்ய முயன்றார்கள். இதில் இரண்டு சிக்கல். தண்ணீரில் உள்ள உப்புகள் வெள்ளித் துகள் மேல் படிந்தால் அது வேலை செய்யாது. துகளைச் சும்மா விட்டால் நாம் குடிக்கும் தண்ணீரிலேயே கலந்துவிடும். எனவே இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் ஓர் அலுமினியச் சேர்மத்தையும் வைத்துக் கூண்டு போல அமைத்து, அதற்குள் வெள்ளியைப் பிடித்து வைத்தார்கள். துகள் வெளியே வராது, அயனி மட்டும் வரும். அதுவும் லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோ கிராம்தான். உலக சுகாதார நிறுவனம் 100 வரை தாங்கலாம் என்கிறது. மின்சாரமே தேவையில்லை. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் சுத்தமான குடிநீர் தரலாம் என்று 2013இல் வெளியிட்டார்கள்.

இது தண்ணீர் விஷயமாச்சே, மருத்துவமா என்று கேட்கலாம். காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் தண்ணீரால் பரவுபவை. ஆஸ்பத்திரிக்கே போகாமல் காப்பாற்றுவதும் மருத்துவம்தானே?

இப்போது நம் ஊருக்கு வருவோம். நாற்றம் வராமல் இருக்கச் சில காலுறைகளிலும் பனியன்களிலும் நானோ வெள்ளி சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அப்படிப்பட்ட காலுறைகளைத் தண்ணீரில் அலசிச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். சிலவற்றில் நாலே அலசலில் வெள்ளி ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. வேறு சிலவற்றில் கொஞ்சம்தான் போனது. வெள்ளியைத் துணியில் எப்படிப் பிடிக்க வைத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

போன வெள்ளி எங்கே போகும்? தண்ணீரோடுதான். அங்கே மீனுக்கும் நல்ல நுண்ணுயிரிகளுக்கும் அது கெடுதல். நொய்யல் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. ஆனால் வெள்ளி பட்டறையில் மட்டுமா போகிறது? நம் வீட்டு வாசலில் துவைக்கும்போதும் போகுமே! அந்தத் தண்ணிக்கு ஏது சுத்திகரிப்பு?

ஆகவே துணியில் மருந்தை நிற்க வைக்கத் தெரிந்தவரே நல்ல நானோ பொறியாளர். தோழிகளே, பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தால் நாமும் அந்தப் படிப்புக்குப் போகலாம். சாயம் நிற்பதும் போவதும் சின்ன வயசிலிருந்தே பார்த்த நமக்கு, அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி இப்போதே தெரியும்: இருபது தரம் துவைத்த பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கும்?

– 9ஆம் வகுப்பு மாணவி