இணையத்தளமும் தமிழெழுத்தும்

கல்லூரிக்கு இணையத்தளம் அமைக்கப் புகும் நாம் முதற்கண் தெளியவேண்டியது, தமிழைப் பாமினி எழுத்துருவில் இடுவதா, ஒருங்குறி எனப்படும் யுனிகோட்டில் இடுவதா என்பதாம்.

பாமினியானது ஆங்கில 'எம்' எழுத்தின் இடத்தில் அகரத்தின் வடிவத்தை வைத்தது. கணினிக்கோ அது ஆங்கிலமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்னும் சொல் பொருளற்ற ஆங்கிலக் கோவையாய்ச் சிதறும், தேடினும் அகப்படாது. 1991இல் வெளிவந்த யுனிகோட்டில் அகரத்துக்குத் தனியெண் உண்டு. தமிழ்நாட்டரசும் 2010இல் அதனை ஏற்றது.

பாமினியிற் பழகிய விரல்கள் புதியதிற் செல்லா என்பர் சிலர். அதே விசைமுறையில் யுனிகோட்டைத் தட்டெழுதும் மென்பொருள்கள் உள. ஆதலின் அது தடையன்று.

நாம் அஞ்சுவது வேறு. பாமினியிற் கோத்த பழைய மலர்கள், மாற்றப்படாவிடின், தேடும் மாணவனுக்கு இல்லாதனவாகவே தோன்றும். மாற்றும் மென்பொருள்கள் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழெழுத்தாக்கிக் குழப்புதலின், வரிவரியாக ஒப்புநோக்கியே ஏற்றல்வேண்டும்.