ஹிப்போகாம்பஸ் பார்க்கத் தொடங்கும் இளம் கதிரியல் மருத்துவருக்கு

புதிய நினைவு பதியும் இடம் பொட்டு மடலின் உட்புற விளிம்பில் இருக்கிறது. அங்கே பக்கத்துக்கு ஒன்றாக, ஏறத்தாழ 3 கன சென்டிமீட்டர் அளவில் கிடக்கும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய என்டோரைனல் புறணியையும்தான் மறதி நோய்க்கான எம்.ஆர்.ஐ. படத்தில் கண் முதலில் தேடுகிறது. அல்சைமர் நோயில் டாவ் புரதச் சிக்கல்கள் பரவும் வரிசையே காரணம். ஹைக்கோ பிராக்கும் ஈவா பிராக்கும் 1991இல் காட்டியபடி, அவை என்டோரைனல் பகுதியை ஒட்டித் தொடங்கி, ஹிப்போகாம்பஸுக்குள் புகுந்து, பிறகுதான் மற்றப் புறணிக்குப் போகின்றன.

வயதானாலே ஹிப்போகாம்பஸ் சுருங்கும். நலமாக இருக்கும் முதியவரிடம் ஆண்டுக்குச் சுமார் 1 விழுக்காடு, அல்சைமர் உள்ளவரிடம் 3 முதல் 5 வரை. ஒரே ஒரு படம் இந்த வேகத்தைச் சொல்லாது. ஓராண்டு கழித்து அதே இயந்திரத்தில் எடுத்த இரண்டாவது படம் சொல்லும். முதல் படத்தில் செய்யக்கூடியது ஷெல்டென்ஸ் 1992இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான அளவுகோலால் சுருக்கத்தை மதிப்பிடுவது. 75 வயதுக்குக் கீழே 2 வந்தால் இயல்புக்கு மாறானது. அதற்கு மேலே 3 வரவேண்டும் என்பது பொது வழக்கம். ஹிப்போகாம்பஸின் நீளவாட்டுக்குச் செங்குத்தாக வெட்டிய படத்தில்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. தலை சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மெலிந்ததுபோல் பொய்யாகத் தெரியும்.

அசைவு இன்னும் பெரிய பொய் சொல்லும். லேசான அசைவுகூடப் புறணியை மெல்லியதாகவும் கொள்ளளவைக் குறைவாகவும் காட்டும். காது மந்தமான எண்பது வயதுத் தமிழ் முதியவருக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒலிபெருக்கி வழியே கட்டளை கொடுத்துவிட்டு, படம் கலங்கிவிட்டதென்று குறைபடுவதில் நியாயமில்லை. உள்ளே அனுப்புமுன் பக்கத்தில் நின்று, “தாத்தா, சத்தம் பலமா வரும், பயப்படாதீங்க, தலைய மட்டும் ஆட்டாதீங்க” என்று தமிழில் சொல்லவேண்டும். அவர் களைப்பதற்குள் டி1 வரிசையை முதலில் எடுத்துவிடவேண்டும். விலை உயர்ந்த மென்பொருளைவிட இது படத்துக்கு அதிகம் உதவும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹிப்போகாம்பஸோடு பார்வை நின்றுவிடக்கூடாது. 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் 60 வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும் என்றது. அதே ஆய்வின் 2019ஆம் ஆண்டுச் சுற்றில் இனிப்புநீர் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4. இனிப்புநீர் இரத்தக்குழாய்களைக் கெடுக்கும் என்பதால் இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் படிக்கவேண்டும். கிள்ளானிலிருந்து வரும் தமிழ் முதியவரின் படத்தில் வெண்பொருள் மாற்றங்களும் சிறு அடைப்புகளும் இருந்தால் வியப்பில்லை. அவற்றை ஃபசேகாஸ் அளவில் 0 முதல் 3 வரை குறிக்கவேண்டும். தலாமஸில் விழுந்த ஒரே சிறு அடைப்பு, ஹிப்போகாம்பஸ் முழுதாக இருக்கும்போதே நினைவைக் கெடுத்துவிடும். அல்சைமரும் இரத்தக்குழாய் நோயும் ஒரே தலையில் கூடியிருப்பது அடிக்கடி நடப்பது. தலையோட்டுக்குள் தேங்கிய பழைய இரத்தம், விரிந்த மூளை அறைகள் போன்ற சரிசெய்யக்கூடியவற்றை எல்லாவற்றுக்கும் முன்னால் தேடவேண்டும்.

அடுத்தது, படத்துக்குள் வராத வாழ்க்கை. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியைச் சில ஆண்டுகளில் விட்டு, பால்மரம் வெட்டி, பிறகு பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளோடு குடியேறிய பாட்டிக்குப் படிப்பு குறைவு. ஆனால் தமிழும் மலாயும் சந்தைச் சீனமும் வரும். ஹைதராபாத்தில் 648 நோயாளிகளைப் பார்த்து சுவர்ணா அல்லாடி குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழியினருக்கு மறதி நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. 2012இல் டொராண்டோவில் சி.டி. படங்களை ஒப்பிட்டபோது, ஒரே அளவு மறதியுள்ள இருமொழியினரிடம் பொட்டு மடல் சுருக்கம் கூடுதலாகவே காணப்பட்டது. நன்றாகப் பேசுகிறார் என்பதற்காக மோசமான படத்தை ஒதுக்குவது தவறு; மலாயில் நடத்திய சோதனையில் குறைந்த மதிப்பெண் வந்ததற்காக நல்ல படத்தில் நோயைத் தேடி எடுப்பதும் தவறு. பரிந்துரைக் கடிதத்தில் பள்ளி ஆண்டுகளும் சோதனை நடந்த மொழியும் இல்லையென்றால் கேட்டுப் பெறவேண்டும்.

கொள்ளளவு மென்பொருள் காட்டும் “வயதுக்கு இயல்பு” என்ற கோடு எந்த மக்களின் படங்களிலிருந்து வந்தது என்றும் விசாரிக்கவேண்டும். பெரிய தரவுத்தொகுப்புகள் பலவும் மேற்கத்தியரின் தலைகள். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2019இல் 100 இந்தியரின் படங்களால் அமைத்த மூளை வரைபடத்தில் சராசரி மூளை மேற்கத்தியருடையதைவிடச் சிறிது. தலையளவுக்குத் திருத்தாத எண்ணை அறிக்கையில் எழுதவே கூடாது.

சுருங்கிய ஹிப்போகாம்பஸ் எல்லாம் அல்சைமர் அல்ல. எண்பதைக் கடந்தவர்களிடம் டிடிபி-43 என்னும் வேறொரு புரதம் அதே இடத்தை அரிக்கிறது. 2019இல்தான் அதற்கு ‘லேட்’ என்று பெயர் வைத்தார்கள். மாறாக, இளவயதில் பார்வைக் கோளாறாகத் தொடங்கும் அல்சைமரில் ஹிப்போகாம்பஸ் பெரும்பாலும் தப்பியிருக்கும். பெட் படத்தில் அமிலாய்டு தெரிந்தாலும் முடிவாகாது, நினைவு சரியாக உள்ள முதியோர் பலரிடமும் அது உண்டு.

2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்த லெக்கானெமாப் போன்ற மருந்துகள் மூளையில் வீக்கமும் நுண்கசிவும் உண்டாக்கலாம். ஆகவே நுண்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யு.ஐ. வரிசை இனி எல்லா மறதிப் படத்திலும் சேரவேண்டும். அறிக்கையில் இரு பக்கத்தின் ஷெல்டென்ஸ் மதிப்பு, ஃபசேகாஸ் மதிப்பு, நுண்கசிவின் எண்ணிக்கையும் இடமும், அசைவு இருந்ததா என்ற குறிப்பு ஆகியவை போதும். நோயின் பெயரைச் சூட்டுவது நோயாளியோடு பேசிய மருத்துவரின் வேலை.