மங்கல வாத்தியம் என்று சொல்லியே ஓரத்தில் உட்கார வைத்தோம்

கல்யாண மண்டப மேடைக்கு இடப்புறம் ஒரு ஜமுக்காளம். அதில் நாகசுரக்காரர் இருவர், தவில்காரர் இருவர், தாளம் போட ஒரு பையன். ஒத்து ஊதுகிறவர் இருந்த இடத்தில் இப்போது சுருதிப் பெட்டி. காலை ஏழு மணிக்கு மூத்தவர் பிலஹரியை எடுக்கிறார். அவசரமில்லாமல் படிப்படியாக ஏறி, மேல் ஷட்ஜத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு பிடியை இரண்டு மூன்று விதமாகத் திருப்பிப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து சாஸ்திரிகளின் ஆள்காட்டி விரல் காற்றில் ஆடுகிறது. கெட்டிமேளம். ராகம் பாதியில் அறுந்து விழுகிறது. அவர் பெயர் என்னவென்று மண்டபத்தில் நூறு பேரைக் கேட்டாலும் பதில் வராது. கூட்டி வந்த மண்டப ஏஜெண்டுக்குத் தெரிந்திருந்தால் உண்டு.

அன்று மதியம் பந்தியில் நாமே பேசிக்கொள்வோம்: “நாகசுரத்தில் இப்போதெல்லாம் யார் சார் இருக்கிறார்கள்?”

இந்தக் கேள்விக்குப் பின்னால் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டு, கேட்டவர் சரிபார்க்காமல் மேலே அனுப்பி, இன்று அவை உண்மை போலவே நடமாடுகின்றன.

“நாகசுரம் மங்கல வாத்தியம், கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் உரியது, கச்சேரிக்கு ஏற்றதல்ல” என்பது முதலாவது. மரியாதையாகச் சொல்லப்படுவதால் இதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் கோயிலில் என்ன வாசித்தார்கள் என்று பார்த்தால் இந்த வாதம் நிற்காது. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி. அதற்குச் சாகித்தியமே கிடையாது, சொற்களின் துணையில்லாமல் லயத்திலும் சுரத்திலும் மட்டுமே நிற்கிற உருப்படி அது. பிறகு நான்கு வீதியும் சுற்றி வரும்வரை ராக ஆலாபனை. சபா மேடையில் அரை மணி நேரம் ராகம் பாடினால் அதைச் சாதனை என்கிறோம். வீதியில் மணிக்கணக்கில் ஒரே ராகத்தை வளர்த்தவர்கள் இவர்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி எப்படி இருக்கும் என்று இன்றும் பேசுகிறோம். ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பாட்டில் நாகசுரத்தின் சாயல் இருப்பதைக் கேட்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கச்சேரிக்குப் பாடம் தந்த வாத்தியத்தைத்தான் கச்சேரிக்கு ஆகாது என்கிறோம்.

ராஜரத்தினம் பிள்ளை இந்த நிலையோடு மல்லுக்கு நின்றவர். நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை மறுத்து மேடையில் உட்கார்ந்து வாசித்தார். மேல்சட்டை அணியக்கூடாது என்ற இடத்தில் ஷெர்வானி போட்டுக்கொண்டு வந்தார். சுருதி உயர்ந்த பழைய திமிரி நாகசுரத்தை விட்டு, நீளம் கூடிய, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்துக்கு மாறினார். அதை உருவாக்கித் தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. ராஜரத்தினத்தின் திமிரைப் பற்றிய கதைகளை மட்டும் நாம் ருசித்துச் சொல்கிறோம். அது திமிர் என்றால், மற்ற வித்வான்களெல்லாம் சும்மா உட்கார்ந்தே பாடினார்களே, அதற்கு என்ன பெயர்? அவர் 1956-இல் மறைந்தார். இன்று பெரும்பாலான சபாக்களில் நாகசுரத்துக்குக் கிடைப்பது தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் நேரம். பிரமுகர்கள் வந்து சேரும்வரை வாசிப்பார்கள், வந்ததும் நிறுத்தச் சொல்வார்கள். நிகழ்ச்சி நிரலில் அதற்குப் பெயர் ‘மங்கல இசை’.

அடுத்தது, “வெறும் சத்தம், நுட்பம் போதாது.” இதைச் சொல்கிறவர்கள் நாகசுரத்தைக் கைநீட்டும் தூரத்தில் பார்த்ததில்லை என்று அடித்துச் சொல்லலாம். உலவு எனப்படும் குழலில் விரல் வைக்கிற துளைகள் ஏழுதான். சாவி கிடையாது, கட்டை கிடையாது. சுத்த ரிஷபத்துக்கும் சதுசுருதி ரிஷபத்துக்கும் தனித்தனித் துளை இல்லை. விரலைப் பாதி திறந்தும், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும், மூச்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தும்தான் வாசிக்கிறவர் அந்த வேறுபாட்டை உண்டாக்குகிறார். அந்தச் சீவாளியோ கொறுக்கந்தட்டையைப் பதப்படுத்திக் கட்டியது. காய்ந்தால் பேசாது, ஊறினால் குழையும். அதனால்தான் வாத்தியத்திலிருந்து நூலில் நாலைந்து சீவாளிகள் தொங்குகின்றன. பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாசிக்கிறவர் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை வாயில் வைத்து ஈரமாக்கிச் செருகும்போது வீடியோக்காரர் காமிராவைத் திருப்பிவிடுவார், ஏதோ இடைவேளை என்று.

சத்தம் உண்மைதான். திறந்த வீதியில், கூட்டத்துக்கு நடுவில், மூன்றாவது தெருவுக்கும் கேட்க வேண்டும் என்று வளர்ந்த வாத்தியம் அது. அதைத் தகரக் கூரை போட்ட மண்டபத்துக்குள் கொண்டுவந்து, நாகசுரத்தின் விரிந்த அடிப்பகுதியான அனசுக்கு அரை அடியில் மைக் வைத்து, நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டியது யார்? நாம். காதைப் பொத்திக்கொள்கிறவர்களும் நாம்தான்.

“தவில் என்றால் கெட்டிமேளம்.” இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எளிதில் விளங்கும். தாலி கட்டும் வேளையில் தும்மலோ அபசகுனச் சொல்லோ காதில் விழக்கூடாது என்று வேகமாக அடிப்பது கெட்டிமேளம். பெரும்பாலோர் தவிலை உற்றுக் கேட்கிற ஒரே நேரமும் அதுதான். ஒரு வித்வானின் வாழ்நாள் உழைப்பை இரண்டு நிமிட இரைச்சலைக் கொண்டு எடை போடுகிறோம். இணுவிலில் 1933-இல் பிறந்து 1975-இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பெயரைத் தவில்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், குரல் தாழ்ந்துவிடும். ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் பெரிய நாகசுர வித்வான்களோடு வாசித்த அந்த மேதை வாழ்ந்தது 42 ஆண்டுகள்கூட இல்லை. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. அதற்குப் பிறகும் தவில் உலகத்துக்கு வெளியே அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் சொற்பம்.

“சினிமாதான் நாகசுரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது” என்று ஒரு கட்சி உண்டு. வாத்தியத்துக்குத் தந்தது, மறுக்கவில்லை. வாசித்தவருக்கு? 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தைப் பார்க்காத வீடு இல்லை. சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி கணேசன் கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க ஊதுவதை இன்றும் மெச்சுகிறோம். அந்த நாதம் எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி என்ற மதுரைச் சகோதரர்களுடையது. ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜெமினி கணேசன் கையில் நாகசுரம் இருக்கும், எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரியில் போட்டி போடுவது காருகுறிச்சி அருணாசலத்தின் மூச்சு. அந்தப் படம் 1962. அருணாசலம் மறைந்தது 1964. பாட்டை முணுமுணுப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால் ஆச்சரியம். நடிகர் நன்றாக நடித்தார் என்பதற்காக வாசித்தவரை மறக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. திரையில் முகம் தெரிகிறவரே எல்லாவற்றையும் செய்தார் என்று நம்புவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இது ஒரு குலத்தின், ஒரு மதத்தின், ஆண்களின் கலை என்பாரும் உண்டு. அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் குடியேறி, ரங்கநாதர் சந்நிதியில் வாசித்தவர் ஷேக் சின்ன மௌலானா. அவரிடம் கற்ற ஷேக் மஹபூப் சுபானியும் அவர் மனைவி காலீஷாபியும் 2020-இல் சேர்ந்தே பத்மஸ்ரீ பெற்றார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் மேடைகளில் நாகசுரம் வாசித்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது கடைசி நம்பிக்கை: “திறமை இருந்தால் தானாக மேலே வந்துவிடுவார்கள்.” கேட்க நியாயமாக இருக்கிறது. புகழ் பெறாதவர் திறமையில் குறைந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவு அதற்குள் ஒளிந்திருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு 1956-இல் கிடைத்தது. அடுத்த நாகசுரக் கலைஞராக ஷேக் சின்ன மௌலானா அதைப் பெற்றது 1998-இல்; மறு ஆண்டே அவர் காலமானார். இடையில் 42 ஆண்டுகள். காருகுறிச்சி அருணாசலம் உச்சியில் இருந்ததும், திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையும் குழிக்கரை பிச்சையப்பாவும் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனும் ஊர் ஊராக வாசித்ததும் அந்த இடைவெளிக்குள்தான். தவிலுக்கு முதல்முறையாக அந்த விருது வந்தது 2009-இல், வலையப்பட்டி சுப்பிரமணியத்துக்கு. இத்தனை காலமும் இந்தத் துறையில் திறமை இல்லாமல் போயிற்று என்று யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா?

தானாக மேலே வருவதற்கு ஏணி வேண்டும். பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். மூன்று நிமிடத்தில் கீர்த்தனையைச் சுருக்கிப் பாடிவிடலாம். விடிய விடிய வளர்கிற ராகத்தை எந்தப் பக்கத்தில் அடைப்பது? பெரிய வாசிப்புகள் நடந்தது வீதியில், நள்ளிரவில். அங்கே விமர்சகரும் இல்லை, ஒலிப்பதிவுக் கருவியும் இல்லை. கேட்டவர்களின் நினைவில் மட்டும் இருந்தது, அவர்களோடு போயிற்று. மிஞ்சிய தட்டுகளைக் கேட்டுவிட்டு ‘இவ்வளவுதானா’ என்கிறோம்.

“இப்போது ஆளே இல்லை” என்று பந்தியில் சொன்னதற்கு வருவோம். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் இன்றும் பாடங்கள். பிள்ளைகள் படித்துத் தேறி வெளியே வருகிறார்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து இப்போதும் நாகசுரம் செய்கிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரத்துக்கு அடையாளம் கொடுத்தாயிற்று. தேறி வந்த பையனை வரவேற்பு மாலையில் கூப்பிடுவதில்லை. அதற்குச் செண்டை மேளம் வந்துவிட்டது, மாப்பிள்ளை அதற்கு நடுவில் ஆடிக்கொண்டே வருகிறார். செண்டை மேல் குறை ஒன்றும் இல்லை, அதுவும் பெரிய கலை. அங்கேயும் அடிக்கிறவர் பெயரை நாம் கேட்பதில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகைகள் வீட்டுப் பரணில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். முகூர்த்த நேரத்துக்குக் கீழே நாகசுரம் இன்னார், தவில் இன்னார் என்று ஊர்ப்பெயரோடு ஒரு வரி இருக்கக்கூடும். அந்த வரிக்காகவே அழைக்காத விருந்தாளிகள் வந்து பந்தலுக்கு வெளியே நின்று கேட்ட காலம் உண்டு. இன்றைய பத்திரிகையில் சுற்றமும் நட்பும் இரண்டு பக்கம், மண்டபத்துக்கு வழி காட்ட ஒரு க்யூஆர் கோடு, அடியில் அச்சகத்தின் பெயரும் செல்பேசி எண்ணும்.