படைப்புழுவும் லினக்ஸும்

அன்புள்ள கயல்,

லினக்ஸ் படிக்கத் தொடங்கி இரண்டு வருடமாகியும் இன்னும் கத்துக்குட்டியாகவே இருக்கிறேன் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். 2018-ஐ நினைத்துப் பார். பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளக் காடுகளில் படைப்புழு இறங்கிய ஆண்டு அது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, இந்தியாவுக்கே அந்த ஆண்டுதான் வந்தது. பல வருடம் மக்காச்சோளம் போட்டுத் தேர்ந்தவர்களும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவதையும், குருத்துக்குள் இறங்கும்படி மருந்தடிப்பதையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. ஆனால் மண்ணின் ஈரமும் பயிரின் வயதும் அறிந்த கண் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. பூச்சிக்குப் புதியவர்கள், வெள்ளாமைக்குப் பழையவர்கள்.

இயங்குதளத்திலும் இப்படி மாறிக்கொண்டே இருக்கும் மேலடுக்கு, நிலைத்து நிற்கும் அடியடுக்கு என இரண்டு உண்டு. 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-ம், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. எந்தப் பொத்தான் எந்த மூலையில் என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்த உழைப்பில் பெரும்பகுதி போயிற்று. பாஸ், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸுக்கும் அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ்தான். அதனால் பாஸில் கோப்பு அனுமதியைப் புரிந்துகொண்டவருக்கு உபுண்டு அந்நியமாக இருக்காது. இன்னும் பின்னே போனால், நீ தினமும் தட்டும் எல்எஸ், சிபி, சிஎச்மோட் கட்டளைகள் மூன்றும் 1971 நவம்பரில் வந்த யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கின்றன. அந்தக் கையேட்டின் வாரிசுதான் 'மேன்' கட்டளை. பழுத்த அனுபவசாலிகளும் அதைத் திறந்து பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள். நீ மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

'கற்றுக்கொண்டிருக்கிறேன்' என்று சொன்னால் வேலை கொடுப்பார்களா என்று கேட்பாய். வீட்டுக் கஷ்டம் தெரிந்து படிக்கிறவளுக்கு இது சின்னக் கேள்வியில்லை. அவர்கள் கேட்கும் பதிப்பைப் பழகிக்கொண்டுதான் நேர்காணலுக்குப் போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சர்வர் நின்றுபோன இரவில் தேவைப்படுவது வேறு: எந்தப் பதிவுக் கோப்பைத் திறப்பது, எதில் கை வைக்காமல் இருப்பது என்ற நிதானம். ரூட் அதிகாரத்தில் யோசிக்காமல் ஓர் ஆர்எம் கட்டளை கொடுத்தால் போதும், அழிந்த கோப்பு குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தைவிட, முதல் நாள் இருந்த பயம் அங்கே நல்லது.

எப்போதும் தொடக்கத்திலேயே நின்றால் ஆழம் எப்படி வரும் என்பது இன்னும் வலுவான கேள்வி. மாதத்துக்கு ஒரு லினக்ஸை நிறுவி, அலுத்ததும் அழித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள் பலர். அவர்கள் முதல் பாடத்தையே பத்து முறை படிக்கிறார்கள், இரண்டாம் பாடம் வருவதே இல்லை. நீ அந்தப் பழக்கத்தில் விழுந்துவிடுவாயோ என்பதுதான் என் கவலை. ஒரு டெபியனை வர்ச்சுவல்பாக்ஸில் நிறுவி இரண்டு வருடம் அதோடு இரு. துணிந்து அதைக் கெடு, அழித்து நிறுவாமல் நீயே சரிசெய். அடுத்த கடிதத்தில் எது கெட்டது, காரணம் எந்தப் பதிவுக் கோப்பில் கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
பெரியப்பா