கீழ்ப்பக்கத்து வேலியைத் திறந்துவிடு



லவ்டேல் பக்கத்துத் தங்கும் விடுதிக்காக நீ எழுதிக் கொடுத்த பனிக்காலத் திட்டத்தைப் படித்தேன். தொட்டிகளை எப்போது உள்ளே எடுப்பது, டேலியாக் கிழங்கை எப்படித் தோண்டி வைப்பது, மர நாற்காலிகளுக்கு எப்போது எண்ணெய் பூசுவது என்பதெல்லாம் நம் இருவருக்கும் தெரிந்த சங்கதி. அதை விடு. வரைபடத்தின் கீழ் ஓரத்தில் நீ போட்டிருக்கும் சைப்ரஸ் வேலிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

வீட்டிலிருந்து புல்வெளி மேற்கே சரிகிறது. சரிவு முடிகிற இடத்தில், ஹைட்ரேஞ்சியாப் பாத்திக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு இடைவெளியே இல்லாத வேலி. பக்கத்தில் "குளிர்காற்றைத் தடுக்க" என்று ஒரு குறிப்பு. தம்பி, ஊட்டியில் உறைபனி காற்றோடு வருவதில்லை. காற்று நின்ற இரவில்தான் வருகிறது. வடகிழக்கு மழை ஓய்ந்து, மேகம் ஒன்றுகூட இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கும். பள்ளம் கிடைத்தால் தேங்கும். தொட்டபெட்டா உச்சி 2637 மீட்டர். ஆனாலும் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் வெள்ளைப் புல்லைப் பார்க்க ஜனங்கள் போவது தலைகுந்தாவுக்கும் காந்தலுக்கும் குதிரைப் பந்தய மைதானத்துக்கும்தானே? எல்லாம் தாழ்ந்த இடங்கள். இறங்கி வெளியேற வேண்டிய குளிரை உன் வேலி அணைகட்டி அந்த முற்றத்துக்குள்ளேயே நிறுத்திவிடும். முதலில் சாவது நீ ஆசையாக நட்ட ஹைட்ரேஞ்சியா.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, புதுத் தோட்டம் எதையும் பகலில் பார்த்து ஒப்புக்கொள்ள மாட்டார். பொழுது சாய்ந்து காற்று அடங்கியதும் ஒரு கட்டு ஊதுபத்தியோடு கிளம்புவார். நான் பின்னால் போவேன். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று என்று நட்டுவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே போய்த் தயங்குகிறது என்று பார்ப்பார். அவர் பேசாமல் இருந்தால் நானும் பேசக்கூடாது. தயங்கின இடத்தில் ஒரு கல்லை வைப்பார். அங்கே பூச்செடி கிடையாது, உட்காரும் பலகையும் கிடையாது. வேலி ஏற்கெனவே இருந்தால் அந்த இடத்தில் வெட்டித் திறப்பார். திறந்தால் காட்டெருமை உள்ளே வரும் என்று வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கம்பிவலை அடித்துக் கொடுப்பார். எருமை நிற்கும், குளிர் போகும். அவர் கை பட்ட தோட்டங்களில் பக்கத்து வீட்டுப் புல் கருகிக் கிடக்கும்போதும் பச்சை தெரிந்ததை நான் கண்ணால் பார்த்தவன். அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

அடுத்தது பிளாஸ்டிக் தாள். ஃபுஷியா மேலும் ஜெரேனியம் மேலும் நேராகப் போர்த்தச் சொல்லியிருக்கிறாய். தாள் தொடுகிற இலையெல்லாம் கருகும். காலையில் எடுக்க மறந்தால் உள்ளே வெந்துபோகும். தாவரவியல் பூங்காவில் நாற்றுகள் மேல் கோத்தகிரி மிலார்ச் செடிகளைப் பரப்பி வைப்பதை வருஷா வருஷம் பார்க்கிறாயே, ஏன் என்று ஒருநாளாவது கேட்டாயா? மிலார் காற்றையும் ஈரத்தையும் விட்டுவிட்டு வானத்தை மட்டும் மறைக்கிறது. செடிக்கு வேண்டியது அந்த மறைப்புதான். மரத்தடிப் புல் பிழைப்பதும் அதனால்தான். தாழ்வாரத்து வெப்பமானி 3 டிகிரி காட்டும் காலையிலும் வெட்டவெளிப் புல்லில் பனி உறைந்திருக்கும். மிலார் கிடைக்காவிட்டால் சாக்கோ பழைய பருத்திப் புடவையோ போதும். குச்சி நட்டு, இலையில் படாமல் கட்டு. வெயில் இறங்குமுன் மூடு, விடிந்து பனி விலகியபின் எடு.

நவம்பரிலேயே தண்ணீரை நிறுத்தச் சொன்ன வரியை அடித்துவிடு. காய்ந்த மண்ணைவிட ஈர மண்தான் பகல் சூட்டைப் பிடித்து வைக்கும்.

இன்னொன்று, இது செடியைப் பற்றியது அல்ல. குளிர் அதிகமானால் கரி அடுப்பைக் கண்ணாடி அறைக்குள் நகர்த்தலாம் என்று எழுதியிருக்கிறாய். அதை இன்றே எடு. மூடிய அறையில் கரியை எரியவிட்டுத் தூங்கி, காலையில் எழாமல் போனவர்களின் செய்தி மலையில் புதிதல்ல. அடுப்பு முற்றத்திலேயே இருக்கட்டும்.

இவ்வளவு திட்டிவிட்டுச் சொல்கிறேன், நாற்காலிகளைக் கீழ்க்கோடியிலிருந்து எடுத்து, வீட்டின் மேற்குக் கல்சுவரை ஒட்டித் தாழ்வாரத்துக்கு அடியில் போடச் சொன்னாயே, அந்த ஒரு பத்தியை நான் மூன்று தடவை படித்தேன். பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கிய கல் இருட்டியபின் முதுகுக்குச் சூடு கொடுக்கும். தலைக்கு மேல் கூரை வானத்தை மறைக்கும். வயதானவர்கள் கம்பளியோடு இரவு எட்டு மணி வரை அங்கே உட்கார்ந்திருக்கலாம். யாரும் சொல்லித்தராமல் இதைக் கண்டாய் என்றால் உனக்கு வாய்த்த கண் எங்கள் தலைமுறையில் மேஸ்திரி ஒருவருக்குத்தான் இருந்தது. சூடு எங்கே தங்கும் என்று தெரிந்தவனுக்குக் குளிர் எங்கே தங்கும் என்று தெரியாமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சைப்ரஸ் நாற்றுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. மழை விட்டதும் காற்றில்லாத ஒரு மாலையில் ஊதுபத்தியோடு போய்ப் பார். புகை தயங்குகிற இடத்தை வரைபடத்தில் குறித்து அனுப்பு, திறப்பு எவ்வளவு அகலம் வேண்டும் என்று நான் சொல்கிறேன். ஹைட்ரேஞ்சியா கவாத்தை டிசம்பரில் வைத்திருக்கிறாய். வெட்டினால் இளந்தளிர் விட்டு அப்படியே பனியில் கருகும். பிப்ரவரி முடியும்வரை கத்தரியைத் தொடாதே.