மெழுகு வார்ப்பும் கணினி அச்சும்

பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தில் 11 ஆம் நூற்றாண்டுச் சோழர்கால நடராசர் செப்புத் திருமேனி ஒன்று உள்ளது. அது மெழுகு வார்ப்பு முறையில் ஆக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் அம்முறையைக் கையாளுகின்றனர். தேன்மெழுகுடன் குங்கிலியம் கலந்து உருவம் சமைப்பர். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, உலர்த்தி, சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறியதும் அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் அச்சை உடைத்தே சிலையை எடுப்பர். ஆதலால் ஓர் அச்சுக்கு ஒரு சிலையே.

இன்று 'ஃபாப்லாப்' எனப்படும் பொதுப் பட்டறைகள் இந்நகரிலும் உள்ளன. ஆர்வமுள்ள எவரும் கணினியில் வரைந்த உருவத்தை முப்பரிமாண அச்சுப்பொறியால் படலம் படலமாக ஆக்கலாம். இத்துறையின் முன்னோடிகளான ழான் குளோது அந்த்ரே முதலிய பிரெஞ்சுக்காரர் மூவர், 1984 யூலை 16 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர்.

இவை ஒன்றுக்கொன்று பகையல்ல. நகைத் தொழிலில் பொறி ஆக்கிய மெழுகுருவைச் சாந்தினால் மூடி, மெழுகை அகற்றிப் பொன் வார்க்கின்றனர். பழைய முறையின் முதற்படியையே பொறி ஏற்றுள்ளது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கணினிக் கோப்பைப் படியெடுத்துச் சேமிக்கலாம். உலோகத்தின் பதமறியும் கண்ணையும், மெழுகின் இளக்கமறியும் விரலையும் அவ்வாறு சேமிக்க முடியாது. ஒரு தலைமுறை கற்காது விட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க எவரும் இரார்.

மாணவர்களே, பொறியை விரும்பிக் கற்றுக்கொள்ளுங்கள். களிமண்ணிலேனும் ஓர் உருவத்தைக் கையாலும் செய்து பாருங்கள். பெற்றோரே, உங்களுள் பொன்வேலையோ கொல்லுவேலையோ அறிந்தோர் பிள்ளைகளை அருகிருத்திச் செய்துகாட்டுங்கள்.