பல்லின் கறை நீங்க எந்தச் சிகிச்சை? படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் பல ஊர்களில், ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் முன்பற்களில் பழுப்பு நிறக் கோடுகளையும், சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்திட்டுகளையும் காணலாம். நிலத்தடிப் பாறைகளிலிருந்து நீரில் கரைந்து வரும் ஃபுளூரைடு அளவுக்கு மீறும்போது தோன்றும் மாற்றம் இது. பல் துலக்காததால் வந்ததன்று. எவ்வளவு துலக்கினாலும் போவதுமன்று. ஆயினும் இப்பற்களை உடையவர்கள் சிறு வயது முதலே கேலியைக் கேட்டுப் பழகியவர்கள். புகைப்படத்துக்கு நிற்கும்போது உதடுகளை இறுக மூடிக்கொள்வதும், சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வதும் இவர்களுடைய இயல்பாகவே ஆகிவிடுகின்றன.

வேலைக்கான நேர்காணலோ திருமணப் பேச்சோ தொடங்கும்போது இவர்கள் எங்கள் பல் மருத்துவப் பிரிவுக்கு வருகிறார்கள். “எல்லாப் பல்லுக்கும் கேப் போட்டுவிடுங்கள், டாக்டர்” என்பதே பெரும்பாலும் முதல் வேண்டுகோள். அந்த வேண்டுகோளுக்குப் பின்னால் உள்ள வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. எனினும் 20 வயதில் எடுக்கும் இம்முடிவு அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குத் தொடரும் என்பதால், எந்தச் சிகிச்சை எப்போது பொருந்தும் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

கறை எந்த அடுக்கில் உள்ளது?

பல்லின் வெளிப்புறத்தில் பற்சிப்பி என்னும் எனாமல் உள்ளது. உடலிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். இதற்கு அடியில் சற்று மஞ்சள் நிறமுள்ள டென்டைன் அடுக்கும், நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழும் அமைந்துள்ளன. எலும்பு முறிந்தால் மீண்டும் கூடுகிறது. தோல் கிழிந்தால் ஆறுகிறது. எனாமலுக்கு அந்த ஆற்றல் இல்லை. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. எனவே ஒருமுறை தேய்த்தெடுத்த எனாமல் மீண்டும் வளராது. பல்லழகுச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

கறைகளை அவை இருக்கும் இடத்தைக் கொண்டு பிரிக்கலாம். வெற்றிலை பாக்கு, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றின் கறை பல்லின் மேற்பரப்பில் படிகிறது. ஃபுளூரைடு கறை எனாமலுக்குள்ளேயே இருக்கிறது. எனாமல் உருவாகும் பருவத்தில் உட்கொண்ட சில மருந்துகளாலும் முதுமையாலும் வரும் நிறமாற்றம் பெரும்பாலும் டென்டைன் அடுக்கைச் சார்ந்தது. ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறியிருந்தால், முன்பு அடிபட்டு அதன் பற்கூழ் இறந்திருக்கக்கூடும். அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவையெனில் வேர் சிகிச்சை செய்த பின்னரே நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும். ‘மஞ்சள் பல்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடப்படும் இந்நிலைகளுக்கு ஒரே மருந்து இருக்க முடியாது.

முதற்படி: பற்களைச் சுத்தம் செய்தல்

ஸ்கேலிங் எனப்படும் பல் சுத்தம் எனாமலைத் தேய்ப்பதில்லை. அதன் மேல் படிந்த காரையையும் வெளிக்கறையையும் மட்டுமே அகற்றுகிறது. சுத்தம் செய்தால் பல் ஆடும், பல்லிடையே இடைவெளி விழும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. உண்மையில், ஈறு நோயால் எலும்பு தேய்ந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கும். அதை அகற்றும்போது முன்பே ஏற்பட்டிருந்த இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. வெளிக்கறை மட்டுமே உள்ளவர்களுக்கு இப்படியோடு சிகிச்சை முடிந்துவிடலாம். ஈறில் இரத்தக் கசிவோ சொத்தையோ இருந்தால், அவற்றைச் சரிசெய்யாமல் எந்த அழகுச் சிகிச்சையையும் தொடங்கக் கூடாது.

இரண்டாம் படி: வெளுப்பித்தல்

ப்ளீச்சிங் என்னும் வெளுப்பித்தலில் பெராக்சைடு மருந்து எனாமலை ஊடுருவிச் சென்று, நிறமுள்ள மூலக்கூறுகளைச் சிதைக்கிறது. பல்லைச் செதுக்க வேண்டியதில்லை. மருத்துவர் பல்லுக்கு அளவெடுத்துச் செய்து தரும் மெல்லிய தட்டில், 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு களிம்பை இட்டு, இரவில் அணிந்து உறங்குவது ஒரு முறை; இதற்குப் பெரும்பாலும் இரண்டு வாரங்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். செறிவு மிகுந்த மருந்தை ஈறுகளுக்குப் பாதுகாப்பு இட்டு மருத்துவமனையிலேயே பயன்படுத்துவது மற்றொரு முறை.

மஞ்சள் நிறத்துக்கு இது நன்கு பயன்படும். பழுப்புக் கறை ஓரளவு குறையும். வெண்திட்டுகள் மறையா; சுற்றியுள்ள பகுதி வெளுப்பதால் அவற்றின் வேறுபாடு மட்டும் குறையலாம். தொடக்க நாட்களில் திட்டுகள் முன்னைவிட வெண்மையாகத் தோன்றுவதும் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பற்கூச்சம் சிலருக்குத் தோன்றி, சில நாட்களில் தணியும். முன்பு அடைத்த பகுதியும் உறையிட்ட பல்லும் நிறம் மாறா. கருவுற்றிருப்போருக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் நாங்கள் இதைச் செய்வதில்லை; 18 வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாகத் தவிர்க்கிறோம்.

மூன்றாம் படி: மேற்பரப்பை மெல்லத் தேய்த்தல்

மைக்ரோஅப்ரேஷன் எனப்படும் இம்முறையில், அமிலமும் நுண்துகள்களும் கலந்த களிம்பைக் கொண்டு எனாமலின் மேற்பரப்பு மிக மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு அளவுக்கு, அகற்றப்படுகிறது. ஃபுளூரைடால் வந்த பழுப்புக் கறை பெரும்பாலும் எனாமலின் மேல் அடுக்கில் இருப்பதால், பலருக்கு இதுவே நல்ல பலன் தருகிறது. இதையும் வெளுப்பித்தலையும் சேர்த்துச் செய்வதும் வழக்கம். வெண்திட்டுகளுக்கு, நுண்துளைகளுக்குள் நீர்மப் பிசினை ஊறச் செய்து ஒளியால் இறுகவைக்கும் முறையும் உண்டு. இவை மருத்துவர் பாதுகாப்புடன் செய்ய வேண்டியவை. எலுமிச்சைச் சாறு, உப்பு, அடுப்புக்கரி, செங்கல் பொடி ஆகியவற்றால் வீட்டில் தேய்ப்பது இதற்கு ஈடாகாது. அது கறையைப் போக்காமல் எனாமலைக் கரைத்தும் தேய்த்தும் கூச்சத்தையே மிஞ்சச் செய்யும்.

நான்காம் படி: காம்போசிட் பூச்சு

பல்லின் நிறமுடைய காம்போசிட் என்னும் பிசினை முன்பற்களின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி வடிவமைப்பது இம்முறை. பல்லைச் சிறிதளவே தேய்த்தும், சில வேளைகளில் தேய்க்காமலும் செய்யலாம். பெரும்பாலும் ஒரே அமர்வில் முடியும். உடைந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் தேநீராலும் வெற்றிலையாலும் இதன் நிறம் மங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மெருகேற்றவோ மாற்றவோ வேண்டியிருக்கும். வெளுப்பித்தல் செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்தே இதைச் செய்துகொள்ள வேண்டும். பல்லில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் பிசின் ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதோடு, பல்லின் நிறம் நிலைபெறவும் அவ்வளவு காலம் தேவை.

ஐந்தாம் படி: வெனீரும் உறையும்

வெனீர் என்பது பீங்கானால் ஆன மெல்லிய தகடு. இதை ஒட்டுவதற்குப் பொதுவாகப் பல்லின் முன்புறத்தில் 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை எனாமலைச் செதுக்க வேண்டும். கறை பிடிப்பது அரிது. நன்கு பேணினால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் நிலைக்கும். செலவு அதிகம். உடைந்தால் பெரும்பாலும் புதிதாகவே செய்ய வேண்டும். உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடிப்பவர்களுக்கும், நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது விரைவில் உடையக்கூடும்.

மக்கள் ‘கேப்’ என்று அழைக்கும் முழு உறை பல்லைச் சுற்றிலும் மூடுகிறது. அதற்கு இடம் தர, பல்லை எல்லாப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் குறைக்க வேண்டும். ஈறுக்கு மேல் தெரியும் பல்லில் பாதிக்கும் மேலான பங்கு இதில் போய்விடும். குறைக்கப்பட்ட பற்களில் சிலவற்றுக்குப் பிற்காலத்தில் பற்கூழ் பாதிப்புற்று வேர் சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு. பெரிதும் உடைந்த பல்லுக்கும், வேர் சிகிச்சை செய்து வலுவிழந்த பல்லுக்கும் உறை ஓர் அரிய பாதுகாப்பு. கறை மட்டுமே உள்ள ஆரோக்கியமான இளம் பல்லுக்கு அது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். வரிசை தவறிய பற்களை உறையிட்டு நேராக்குவதைக் காட்டிலும், கிளிப் போட்டுப் பொறுமையாகச் சீர்செய்வதே பல்லைக் காக்கும்.

ஏன் இந்த வரிசை?

மேலே கூறிய வரிசை, பல்லை எவ்வளவு இழக்கிறோம் என்ற அளவின்படி அமைந்தது. முதல் இரண்டு படிகளில் பல்லைச் செதுக்குவதே இல்லை. மூன்றிலும் நான்கிலும் இழப்பு மிகச் சிறிது. ஐந்தில் இழப்பு கூடுதல், அதைத் திரும்பப் பெறவும் இயலாது. கீழ்ப்படியில் நின்றவர் போதிய பலன் கிட்டவில்லையெனில் எப்போது வேண்டுமானாலும் மேற்படிக்குச் செல்லலாம். மேற்படிக்குச் சென்றவர் கீழே இறங்கிவர முடியாது. 22 வயதில் உறையிட்டவர் தம் வாழ்நாளில் அதை ஒருமுறையேனும், பெரும்பாலும் பலமுறை, மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். மேல்தாடையின் ஆறு முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உள்ள, சொத்தையில்லாத ஓர் இளம்பெண்ணுக்கு நாங்கள் முதலில் சுத்தம் செய்வோம். பிறகு மைக்ரோஅப்ரேஷன் செய்து, வெளுப்பித்தலைச் சில வாரங்கள் தொடர்வோம். அதன் பின்னும் ஒன்றிரண்டு பற்களில் திட்டு எஞ்சினால், அந்தப் பற்களில் மட்டும் காம்போசிட் இடுவோம். பலர் இந்த இடத்திலேயே மனநிறைவு அடைகிறார்கள். எனாமல் குழிகுழியாகி உதிரும் அளவுக்குக் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு முதற்படிகள் போதா. அவர்களுக்கு வெனீரோ உறையோ தயக்கமின்றிப் பரிந்துரைப்போம். இருவருக்கும் ஒரே சிகிச்சை தருவது முறையாகாது.

காலமும் கணக்கில் கொள்ளத்தக்கது. “பத்து நாளில் நிச்சயதார்த்தம்” என்று வருபவர்களுக்கு, அந்நாட்களுக்குள் செய்யத்தக்கது பல் சுத்தமும், பொருந்துமெனில் மருத்துவமனையில் செய்யும் வெளுப்பித்தலும்தான். அவசரத்தின் பேரில் பற்களைச் செதுக்க ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று குடும்பத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம். நாள் குறித்துவிட்டது என்பது ஆரோக்கியமான பல்லைக் குறைப்பதற்குரிய காரணமாகாது. இயலுமானால் மூன்று மாதங்கள் முன்னதாக வாருங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எங்கு சிகிச்சை பெற்றாலும் இக்கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். என் பல்லின் நிறமாற்றத்துக்குக் காரணம் என்ன? இச்சிகிச்சைக்காகப் பல்லில் எவ்வளவு செதுக்கப்படும்? இதைவிடக் குறைவாகச் செதுக்கும் வழி உண்டா. இருந்தால் அது எனக்கு ஏன் பொருந்தாது? எத்தனை ஆண்டுகள் நிலைக்கும். உடைந்தால் என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு செலவாகும்? செதுக்குவதற்கு முன்பே, முடிவு எப்படி இருக்கும் என்பதை மாதிரி வடிவில் வாயில் வைத்துக் காட்ட முடியுமா? வெனீருக்கும் உறைக்கும் இத்தகைய மாதிரியைக் காண்பது நோயாளியின் உரிமை. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், கண்ணின் வெண்மையோடும் தோலின் நிறத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மிகுந்த வெண்மை பலருக்குச் செயற்கையாகவே தோன்றும்.

வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்காக

நிலைப்பற்களின் எனாமல் பிறந்தது முதல் ஏறத்தாழ 8 வயது வரை உருவாகிறது. ஃபுளூரைடு கறை விழுவது அப்பருவத்தில் மட்டுமே. எனவே பெரியவர்களின் பல்லில் இக்கறையைக் கண்ட குடும்பம், பிள்ளைகள் குடிக்கும் நீரைக் கவனிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காதபோதும் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீரைக் காய்ச்சினால் ஃபுளூரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். சாதாரண மெழுகுவத்தி வடிவ வடிகட்டியும் அதைப் பிரிக்காது, ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2013-ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இக்குறையைப் போக்கவே ஏற்பட்டது. அந்நீர் வரும் வீடுகளில் குடிக்க மட்டுமன்றிச் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

பற்பசையை நிறுத்திவிட வேண்டியதில்லை. 3 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணியளவும், 6 வயது வரை பட்டாணி அளவும் போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்த ஊர்களில் வாழ்வோர், பற்பசை பற்றிப் பல் மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளலாம். மூத்த பிள்ளையின் பற்களுக்குச் சிகிச்சை கேட்டு வரும் பெற்றோர், இளைய பிள்ளையையும் உடன் அழைத்து வாருங்கள். அடுத்த முறை வரும்போது வீட்டுக் குடிநீரின் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.